செபமாலை நேரத்துப் பள்ளம்

பள்ளிமுனையில் பின்னேரம் ஏழு மணிக்கு ஒருவரும் இன்ரநெற் பாவிப்பதில்லை என்று ஜுனைட் நானாவுக்குச் சொன்னவளே நிறஞ்சலாதான். கேட்டாலொழிய வாய் திறக்காத பிள்ளை என்று கந்தோரில் பெயர் எடுத்திருந்தவள், அன்றைக்கு மட்டும் கேட்ட கையோடு பதில் சொன்னாள். கொஞ்சம் பெருமையோடும் சொன்னாள்.

கந்தோர் என்றால் மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால் மாடியில் இரண்டு அறை. கீழே கழுதைகள் நிழலுக்கு நிற்கும். அவற்றை விலக்கிக்கொண்டுதான் படியேற வேண்டும். முதலாளி ஜுனைட் எல்லாருக்கும் நானா, அண்ணன் முறை. சிலாவத்துறைக்காரர். ஊர் ஊராகக் கம்பம் நட்டு, அதில் அன்ரெனா பூட்டி, வீடுகளுக்கு இன்ரநெற் கொடுத்துவந்தார். ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் ஒரு றவுட்டர் இருக்கும். அதற்குள்ளால் எவ்வளவு போகிறது, எவ்வளவு வருகிறது என்று கந்தோரில் இருக்கும் கணினி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டு வரைபாகக் கீறும். அந்த வரைபுகளைப் பார்ப்பது நிறஞ்சலாவின் வேலை. யாழ்ப்பாணத்தில் பௌதிகவியல் படித்துவிட்டு வந்தவளுக்கு அது பிடித்துப்போயிற்று. கோடுகளோடு கதைக்கத் தேவையில்லை.

பள்ளிமுனை அவளுடைய ஊர். அதன் கோடு பிள்ளைகள் ரியூசன் முடிந்து வீடு திரும்பியதும் ஏறத் தொடங்கும். ஏறி ஏறி உச்சிக்குப் போகிற நேரத்தில், ஏழு மணியளவில், மேசை விளிம்பிலிருந்து கோப்பை விழுந்ததுபோல் தொப்பென்று கீழே விழும். ஒன்பது மணி வரைக்கும் அடியிலேயே ஊரும். பிறகு ஒரே துள்ளாக மேலே போய், அங்கிருந்து ஆறுதலாகச் சரிந்து, ஊரோடு சேர்ந்து படுத்துவிடும்.

இதென்ன பள்ளம் என்று நானா கேட்டபோதுதான் அவள் அந்தப் பதிலைச் சொன்னாள்.

"செபமாலை நேரம், நானா. ஒருத்தரும் போன் தொடமாட்டினம்."

நானா தலையாட்டினார். மஃரிபுத் தொழுகைக்குத் தங்கள் ஊர்க் கோடும் கொஞ்சம் தாழும் என்றார். "ஆனா இப்பிடி விழாது தங்கச்சி. உங்கட ஆக்கள் எங்கள வெண்டுட்டாங்க."

அன்றிலிருந்து அதற்குச் செபமாலைப் பள்ளம் என்றே பெயர். வேலைக்கு வந்த புதியவர்களுக்கும் அப்படித்தான் காட்டிக் கொடுத்தார்கள். கந்தோர் ஐந்து மணிக்குப் பூட்டப்படும். ஏழு மணிக்கு அந்தக் கோட்டின் முன்னால் யாரும் இருந்ததில்லை. காலையில் வந்து முதல்நாளைப் பார்ப்பதுதான் வழக்கம்.

காலையில் அந்தப் பள்ளத்தைப் பார்க்கும்போதெல்லாம் நிறஞ்சலாவுக்கு மனதில் ஒரு இதம் வரும். சின்ன வயதில் கோயில் மணி அடித்ததும் வீட்டுக்கு முன்னால் உள்ள ஒழுங்கை ஒரு நொடியில் வெறிச்சென்று ஆகும். கையில் இருந்த பந்து இருந்த இடத்திலேயே உருண்டு கிடக்கும். அம்மா பாய் விரிப்பாள். மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரியும். அண்ணன் மில்ரன் முழந்தாளில் நின்றபடியே நித்திரை கொள்வான். தங்கள் வீட்டில் செபம் முடிந்தாலும் பக்கத்து வீட்டில் முடிந்திருக்காது. அங்கே முடியும்போது அதற்கடுத்த வீட்டில் நடுவில் இருக்கும். ஒழுங்கை நீளத்துக்கு ஒரே வசனம் முந்தியும் பிந்தியுமாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த நேரம் இன்னும் அப்படியே இருக்கிறது, கணினியே சாட்சி சொல்கிறது என்று அவள் நம்பினாள்.

இந்த ஒக்டோபரில் கந்தோருக்கு ஒரு புது அன்ரெனா வந்தது. பழையதைவிட நான்கு மடங்கு கொண்டுபோகக் கூடியது. வந்தது ஒன்றே ஒன்று. அடுத்தது எந்தக் கப்பலில் வரும் என்று வித்தவனுக்கே தெரியாது. சிலாவத்துறையிலிருந்தும் முறைப்பாடு, பள்ளிமுனையிலிருந்தும் முறைப்பாடு: பின்னேரத்தில் லைன் நகருதில்லை. நானா இரண்டு வரைபையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சிலாவத்துறைக் கோடு பொழுதுபட்ட பிறகு விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. பள்ளிமுனையில் அதே நேரத்தில் பள்ளம். காலியாகக் கிடக்கிற லைனைப் பற்றி எதற்கு முறைப்பாடு என்று அவர் கேட்டார். திங்கட்கிழமை அன்ரெனா சிலாவத்துறைக்குப் போகும் என்று முடிவாயிற்று. அவருடைய தங்கை றாபியாவின் வீட்டு முற்றத்தில்தான் அங்கே கம்பம் நின்றது. உயர்தரம் படிக்கிற ஏழெட்டுப் பெண்பிள்ளைகள் அந்த வீட்டு விறாந்தையில் இருந்து கொழும்பு வகுப்புகளைப் பார்க்கிறார்கள்.

"என்ட ஊர் எண்டதுக்காக இல்ல, தங்கச்சி," என்றார் நானா. "கோடு சொல்லுது, நான் செய்றன்."

நிறஞ்சலா ஓம் என்றாள். அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

வீட்டில் அம்மாவுக்குப் படவில்லை. அம்மா பெற்றிசியா மூன்று வருடமாக மில்ரனோடுதான் செபமாலை சொல்கிறாள். அவன் பிரான்சில், பரிஸ் நகரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறான். இங்கே இருட்டுகிற நேரம் அங்கே மத்தியானக் கூட்டம் கலைந்து இரவுக் கூட்டம் வரமுன் கிடைக்கிற ஓய்வு. அம்மா போனைச் சுரூபத்தின் காலடியில் சாத்தி வைப்பாள். மாலையின் முதல் பத்து மணி போகும். இரண்டாவது பத்தில் மில்ரனின் முகம் கட்டங்கட்டமாக உடையும். பிறகு வாய் பாதி திறந்தபடி உறைந்து நின்றுவிடும். அம்மா உறைந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தைத் தனியாகச் சொல்லி முடிப்பாள்.

வியாழக்கிழமையும் அப்படித்தான் நடந்தது. கந்தோரில் சொல்லு என்று அம்மா சினந்தாள். போன் பழசு அம்மா, இந்த நேரத்தில் ஊரில் ஒருத்தரும் லைன் பாவிக்கிறதில்லை என்று நிறஞ்சலா சொன்னாள்.

"ஆர் உனக்குச் சொன்னது?"

"நாங்கள் எல்லாம் பாக்கிறனாங்கள்தானே."

"நல்லாப் பாத்தாய். போய்க் கடையில சீனி வாங்கிக்கொண்டு வா."

அவள் ஒழுங்கையில் இறங்கினாள். சோளகம் ஓய்ந்து, காற்றே இல்லாத நாள். எல்லா வீட்டிலும் செபம் கேட்டது. நான்கைந்து வீடு கடந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு விதமான குரல்கள் இருந்தன. அம்மாமார் பாதியைச் சொல்ல, மீதிப் பாதி சின்னப் பெட்டிக்குள் இருந்து வருவதுபோல் வந்தது. ஒரு வீட்டில் இலண்டன் மகள், அடுத்ததில் கனடாத் தம்பி, அதற்கடுத்ததில் கப்பலில் வேலை செய்யும் புருசன். குரல் இழுபட்டது, அறுந்தது, திரும்பத் தொடங்கியது. "கேக்குதோ, கேக்குதோ" என்று ஒரு கிழவர் செபத்துக்கு நடுவில் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏழு மணிக்கு ஒருவரும் போன் தொடாமல் இருக்கவில்லை. அந்த நேரத்தில்தான் ஊர் முழுக்கப் போனைத் தொட்டுக்கொண்டிருந்தது. செபமாலையே போனில்தான் நடந்தது. அவள் வீட்டிலும்தான். தினமும் கண்ணுக்கு முன்னால் நடந்ததை அவள் ஊரோடு சேர்த்துப் பார்க்கவில்லை. பழைய ஒழுங்கையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

சீனி வாங்காமலேயே திரும்பி வந்து மடிக்கணினியைத் திறந்தாள். பள்ளிமுனைக் கம்பத்தின் றவுட்டருக்குள் நேரடியாகப் போய்ப் பார்த்தாள். பக்கம் திறக்க வெகுநேரம் எடுத்தது. அந்தக் கணத்தில் ஓடுகிற வேகத்தை றவுட்டர் நூற்று முப்பத்தாறு மெகாபிற் என்று காட்டியது. கந்தோர் வரைபைப் பக்கத்தில் திறந்தாள். அது இருபத்திரண்டு என்றது.

ஒரே லைனை இரண்டு பேர் அளக்கிறார்கள். ஒருவர் பொய் சொல்கிறார்.

வெள்ளிக்கிழமை முழுக்க அவள் காரணம் தேடினாள். றவுட்டரில் வயர் பூட்டுகிற வாசல்களில் தவறானதைக் கணினி அளக்கிறதோ என்று பார்த்தாள். மின்சாரம் போய் வந்தால் சிலவேளை வாசல்களின் இலக்கம் மாறிவிடும். மாறவில்லை. றவுட்டரின் மணிக்கூடும் கணினியின் மணிக்கூடும் ஒத்திருந்தன. சராசரி எடுப்பதில் உச்சங்கள் மழுங்கிப்போகின்றனவோ என்று பார்த்தாள். அப்படி மழுங்கினாலும் இவ்வளவு பள்ளம் விழாது. பகலில் இரண்டு அளவும் அச்சொட்டாகப் பொருந்தின. ஏழு மணிக்குத்தான் பிரிந்தன.

நானாவிடம் சொல்ல இரண்டு முறை எழும்பி இரண்டு முறையும் கதிரையில் இருந்துவிட்டாள். காரணம் தெரியாமல் என்ன சொல்வது? பள்ளிமுனைக்காரி, பள்ளிமுனை வரைபு பிழை என்கிறாள். அன்ரெனா சிலாவத்துறைக்கு என்று முடிவான பிறகு சொல்கிறாள். கேட்கிறவர் என்ன நினைப்பார் என்று அவளுக்குத் தெரியும். அவளே அப்படித்தான் நினைத்திருப்பாள்.

சனிக்கிழமைப் பின்னேரம் மில்ரனின் முகம் வழமைபோல் உறைந்தது. செபமாலை மாதம் என்பதால் அம்மா மூன்று சுற்றுச் சொல்வாள். நூற்றைம்பத்து மூன்று மணி. நிறஞ்சலா பக்கத்தில் முழந்தாளில் நின்றபடி, மனம் கோட்டில் இருக்க, எவ்வளவு முடிந்தது என்று அம்மாவின் விரலை எட்டிப் பார்த்தாள். விரல் நாலாவது மணியில் நின்றது. இவ்வளவு நேரமாகியும் நாலாவது மணியா என்று ஒரு கணம் திகைத்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. இந்தப் பிழையை அவள் முன்பும் விட்டிருக்கிறாள்.

அப்பா பேதுரு உயிரோடு இருந்த காலம். போர் நாட்களில் கடற்படையிடம் பாஸ் எடுத்துத்தான் கடலுக்குப் போகலாம். குறித்த நேரத்துக்கு அப்பாவின் வள்ளம் கரைக்கு வராத நாட்களில் அம்மா ஒரு சுற்றோடு நிறுத்தமாட்டாள். எத்தனை சுற்று என்று பிள்ளைகளுக்குச் சொல்லவும் மாட்டாள். வேவு பார்ப்பது மில்ரனின் வேலை. விளையாட்டின் நடுவில் பூனைபோல் வந்து, அம்மாவின் விரல் எந்த மணியில் என்று பார்த்துவிட்டு ஓடிப்போவான். "இப்பதான் தொடங்கினவ. இன்னும் நேரமிருக்கு." அம்மா அப்போது மூன்றாவது சுற்றில் நின்றிருப்பாள். அவர்கள் ஆறுதலாக வரும்போது செபம் முடிந்து, வாசலில் ஈர்க்குக் கட்டோடு நிற்பாள்.

இரண்டு முறை அடி வாங்கிய பிறகு மில்ரன் காரணத்தைக் கண்டுபிடித்தான். மாலை வட்டம். கடைசி மணிக்குப் பிறகு முதல் மணி வரும். விரலை மட்டும் பார்த்தால் எத்தனையாவது சுற்று என்று தெரியாது. அவனுடைய மருந்து, அடிக்கடி போய்ப் பார்ப்பது. ஒரு சுற்று முடிய முதல் மறுபடி பார்த்தால் ஏமாற முடியாது. அந்த வேலையைத் தங்கச்சியின் தலையில் கட்டிவிட்டான்.

ஆனால் அம்மாவுக்கே சுற்று எப்படி மறக்காமல் இருந்தது? சுரூபத்தின் காலடியில் மூன்று புளியங்கொட்டை இருக்கும். ஒரு சுற்று முடிந்ததும் ஒன்றை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு நகர்த்துவாள். பிள்ளைகள் இருவரும் அந்த வயதில் கொட்டையைக் கவனித்ததில்லை. விரலையே பார்த்தார்கள்.

இப்போதும் சுரூபத்தின் காலடியில், போனுக்குப் பக்கத்தில், வலப்பக்கம் ஒரு கொட்டை இருந்தது.

றவுட்டருக்குள் இருப்பதும் ஒரு மாலைதான். உள்ளே போகிற ஒவ்வொரு துணுக்குத் தரவுக்கும் ஒரு மணி தள்ளும். நானூற்றுச் சொச்சம் கோடி மணி. முடிந்ததும் பூச்சியத்துக்குத் திரும்பும். கந்தோர்க் கணினி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து விரலை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறது. லைன் சின்னதாக இருந்த காலத்தில் அந்த ஐந்து நிமிடத்துக்குள் ஒரு சுற்று முடியாது. அப்போது யாரோ செய்த ஏற்பாடு அது, அளவும் சரியாக வந்தது. போன வருடம் லைனைப் பெருப்பித்தார்கள். அந்த ஏற்பாட்டை மாற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. வேகம் நூற்றுப் பதினாலைத் தாண்டுகிற நேரமெல்லாம் ஒரு முழுச் சுற்று கணக்கில் வராமல் போகிறது. நூற்று முப்பத்தாறு, இருபத்திரண்டாகத் தெரிகிறது. ஊர் மிகக் கூடப் பாவிக்கிற நேரத்தில்தான் பள்ளம் விழுகிறது. புது றவுட்டர்களில் சுற்றையும் சேர்த்து எண்ணுகிற பெரிய எண்ணி ஒன்று இருக்கிறது. புளியங்கொட்டை அது. கணினியை அதைப் பார்க்கச் சொன்னால் போதும்.

அம்மா கடைசி மன்றாட்டைச் சொல்லி முடிக்கும்வரை அவளுக்கு முழந்தாளில் நிற்க முடியவில்லை. முடிந்ததும் முற்றத்துக்குப் போய் நானாவுக்கு எடுத்தாள். அவள் தானாக அவருக்கு எடுத்த முதல் கோல் அது.

"நானா, நான் சொன்னது பிழை."

"எது தங்கச்சி?"

"செபமாலைப் பள்ளம். அது பள்ளமில்லை, மலை."

அவள் மாலையைச் சொல்லவில்லை, எண்ணியைச் சொன்னாள். நானா குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, கோபமில்லாமல், ஆனால் இளகாமலும் கேட்டார்: "உங்கட ஊர் எண்டதால இப்பிடித் தெரியுதோ?"

அவளுக்கு முகம் சுட்டது. போனை வைத்துவிடலாம் போல் இருந்தது.

"அதாலதான் நீங்கள் நம்பவேண்டாம் எண்டுறன். நாளைக்கு உங்கட கண்ணால பாருங்கோ."

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பள்ளிமுனையில் மாதாவின் சுரூபம் ஊர்வலம் வரும் சுற்றுப்பிரகாரம். ஊர் முழுக்கக் கோயிலில் நிற்கும், லைன் வெறுமையாக இருக்கும். அவள் தேர்ந்தெடுத்த நேரம் அது. மாதாவைவிடக் கம்பமோ பெரிசு என்று அம்மா முறைத்துக்கொண்டே போனாள். நிறஞ்சலா கம்பம் நின்ற வாசிகசாலைக் கூரைக்கு ஏறி, கம்பத்தின் அடியில் குந்தியிருந்து, றவுட்டரில் மடிக்கணினியைத் தொடுத்தாள். நானா கந்தோரில் வரைபின் முன்னால் இருந்தார். தான் விரும்பிய வேகத்தில், விரும்பிய அளவு தரவை அவளால் லைனில் தள்ள முடியும். முதலில் ஐம்பது தள்ளினாள். ஐந்து நிமிடம் பொறுத்து நானா போனில் ஐம்பது என்றார். நூறு தள்ளினாள். நூறு என்றார். எல்லாம் சரியாத்தானே இருக்கு என்றும் சொன்னார். அவர் குரலில் ஒரு நிம்மதி கேட்டது. சிலாவத்துறையில் றாபியாவுக்குச் சொல்லியாகிவிட்டது.

அவள் நூற்று முப்பதாக்கினாள். தூரத்தில் பாண்ட் வாத்தியம் கேட்டது. கோயில் கொடிகள் வீட்டுக் கூரைகளுக்கு மேலால் மெதுவாக நகர்ந்தன.

"பதினஞ்சு," என்றார் நானா. "நிப்பாட்டிட்டீங்களா தங்கச்சி?"

"இல்லை நானா. கூட்டிப்போட்டன்."

அவள் குறைத்து நூறுக்கு வந்தாள். நூறு என்றார். மறுபடி கூட்டினாள். பதினைந்து என்றார். மூன்றாவது தரம் அவர் இலக்கத்தைச் சொல்லவில்லை. எங்கே போய் எதை மாற்றவேண்டும் என்று கேட்டார். பெரிய எண்ணியின் பெயரை அவள் சொல்லச் சொல்ல, ஒற்றை விரலால் தட்டுவது போனில் கேட்டது.

அன்றைக்கு நானா ஐந்து மணிக்குக் கந்தோரைப் பூட்டவில்லை. ஏழு மணிக்கு ஒரு படம் அனுப்பினார். கோடு விழாமல் ஏறி, லைனின் முகட்டில் தலை முட்டி, வெட்டிவிட்ட பனைபோல் மொட்டையாக நின்றது. சிலாவத்துறைக் கோடு அதில் பாதிக்கும் குறைவு. படத்துக்குக் கீழே ஒரு குரல்செய்தி. திங்கட்கிழமை புது அன்ரெனா பள்ளிமுனையில் ஏறும் என்றும், அங்கே கழற்றுகிற பழையதைச் சிலாவத்துறையில் பூட்டுவதாகவும், அதுவே அங்கே இப்போது இருப்பதைவிடப் பெரிசு என்பதால் பிள்ளைகளின் வகுப்பு இனி நிற்காது என்றும் சொல்லியிருந்தார். கடைசியில் ஒரு பெருமூச்சு. "பாவிச்ச அன்ரெனா எண்டு மட்டும் றாபியாட்ட சொல்லிராதீங்க. எனக்குச் சோறு கிடைக்காது."

திங்கட்கிழமை காலை நிறஞ்சலா வரைபைத் திறந்தாள். பள்ளம் இருந்த இடத்தில் மலை இருந்தது. அவள்தான் நிரப்பினாள், அது சரியும்கூட. ஆனாலும் கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்ததும் வெறிச்சென்று ஆகிற ஒழுங்கை, பந்து உருண்டு கிடக்கிற மண், ஒருவரும் எதையும் தொடாத அந்த நேரம் எங்கேயும் பதிவாகவில்லை. அது எப்போதோ முடிந்துவிட்டிருந்தது. ஒரு பிழையான கோட்டை அதன் படம் என்று அவள்தான் வைத்திருந்தாள்.

பின்னேரம் அம்மா போனைச் சுரூபத்தின் காலடியில் சாத்தினாள். நானா மத்தியானமே அன்ரெனாவைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். முதல் பத்து மணி போயிற்று. இரண்டாவது பத்துப் போயிற்று. மில்ரனின் முகம் உடையவில்லை. கடையின் பின்வாசல் படியில், அழுக்கு ஏப்ரனோடு குந்தியிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. அம்மா செபத்தின் நடுவில் தடக்கினாள்.

"மெலிஞ்சுபோனாய், மகன்."

"செபத்தைச் சொல்லுங்கோம்மா."

முதல் சுற்று முடிந்தது. அம்மா ஒரு கொட்டையை நகர்த்திவிட்டு, நீ போய் வேலையைப் பார் என்று அவனுக்குச் சொல்ல வாயெடுத்தாள். அவனோடு ஒரு சுற்றுக்கு மேல் அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு சுற்றே முழுதாக அமைந்ததில்லை.

மில்ரன் எழும்பவில்லை. குனிந்து, படியில் வரிசையாக வைத்திருந்த மூன்று போத்தல் மூடிகளில் ஒன்றை வலப்பக்கம் நகர்த்தினான்.

நிறஞ்சலா போனுக்குக் கிட்டக் குனிந்து பார்த்தாள். மூடிகள் தேய்ந்து, நிறம் போய், பழசாக இருந்தன.

"அண்ணா, லைன் அறுந்த பிறகும் சொல்லுறனீங்களோ?"

"மூண்டும்தான்," என்றான் மில்ரன். "அம்மா எத்தினையாவதில நிப்பா எண்டு தெரியாது. நான் என்ர கணக்குக்குச் சொல்லிக்கொண்டிருந்தனான்."

அம்மா மாலையை முதல் மணிக்குக் கொண்டுவந்து, அவன் தொடங்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தாள்.